கடிப்பதற்கு முன்னால்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் பேசிய பேச்சு)



என் கையில் ஒரு பொட்டலம் இருக்கிறது. வறுத்த வேர்க்கடலை. ஆளுக்கு இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். உடனே தின்று விடாதீர்கள். இன்றைய பாடமே அதில்தான் இருக்கிறது.

ஒரு கடலையை முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். மேலே இரண்டு பல். கீழே இரண்டு பல். கடலை உடையக் கூடாது. கீழே விழவும் கூடாது. நான் ஐந்து எண்ணும்வரை அப்படியே பிடித்திருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இப்போது கடியுங்கள்.

சொந்தப் பல் உள்ளவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. எளிதாகச் செய்து விட்டீர்கள். பல் செட்டு வைத்திருக்கும் மூன்று பேரைப் பார்த்தேன். ஒருவருக்குக் கடலை நழுவி மடியில் விழுந்தது. ஒருவருக்கு முன்னதாகவே உடைந்து விட்டது. மூன்றாவது அம்மா கடலையை முந்தானையில் முடிந்து கொண்டார். பேத்திக்காம். அதுவும் சரிதான்.

ஏன் இந்த வேறுபாடு? பல் செட்டும் கெட்டியானதுதான். பார்க்கவும் பல் மாதிரிதான் இருக்கிறது. அப்புறம் ஏன் ஒரு கடலையைப் பிடிக்க முடியவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. பல் செட்டு செய்யத் தெரியும். ஆனால் விடை தெரியாது. அதனால் ஒரு தவறு செய்தேன். அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

ஒரு பாட்டி என்னிடம் வந்தார். வயது எழுபதுக்கு மேல். வாயில் ஒரு பல் கூட இல்லை. மகன் பணம் சேர்த்து அழைத்து வந்திருந்தான். அளவு எடுத்தேன். மெழுகில் கடி பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று முழுச் செட்டு செய்து கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துப் பாட்டி சிரித்தார். "போய் நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பி விட்டேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மகனைக் கடைத்தெருவில் பார்த்தேன். பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். செட்டு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறதாம். பாட்டி கஞ்சிதான் குடிக்கிறாராம். பேரன் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவே இல்லையாம். "பிள்ளை காசையெல்லாம் பாழாக்கி விட்டேன். எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை" என்று அழுதாராம்.

பாட்டிக்குச் சாமர்த்தியம் குறைவு இல்லை. எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. செட்டை வாயில் வைத்தால் போதும், கடிக்க வந்து விடும் என்று நானும் நினைத்திருந்தேன். கடிப்பது பல்லின் வேலை மட்டும் இல்லை. அதற்கு முன்னால் மூளை ஒரு வேலை செய்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் பல்லைப் பார்ப்போம்.

நம் பல் எலும்பில் எப்படி நிற்கிறது? சுவரில் ஆணி அடித்த மாதிரி என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய மெத்தை இருக்கிறது. நார்களால் ஆன மெத்தை. அதன் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். தபால் அட்டையின் கனம் அளவுக்குத்தான் இருக்கும். பல் அந்த நார்களில் தொங்குகிறது. கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்திருப்பதைப் போல.

இந்த மெத்தைக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பல் துளி அசைந்தாலும் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். "மேல் பக்கமாக அழுத்துகிறது. வலப்பக்கமாகச் சாய்கிறது. கொஞ்சமாக அழுத்துகிறது. அதிகமாக அழுத்துகிறது." எல்லாச் செய்தியும் போகும். சோற்றில் ஒரு பொடிக் கல் இருந்தால் போதும். தாடை சட்டென்று நின்று விடுகிறது அல்லவா? நீங்கள் யோசித்தா நிறுத்துகிறீர்கள்? இல்லை. இந்த நரம்புகள் செய்யும் வேலை அது. தலைமயிரைவிட மெல்லிய தகட்டைப் பற்களுக்கு நடுவில் வைத்தாலும் நமக்குத் தெரியும்.

பல்லைப் பிடுங்கினால் என்ன ஆகிறது? பல் போகிறது. அதோடு மெத்தையும் போகிறது. மெத்தையில் இருந்த நரம்பு முனைகளும் போய் விடுகின்றன. அப்புறம் நாம் வைக்கும் செட்டு ஈறின் தோல்மேல் உட்காருகிறது. ஈறுக்கும் உணர்வு உண்டு. ஆனால் பல்லின் மெத்தை அளவுக்கு நுட்பம் இல்லை. கையுறை போட்டுக் கொண்டு பூத்தொடுப்பதைப் போன்றது அது.

நாம் இப்போது செய்த கடலை விளையாட்டு என்னுடையது இல்லை. சுவீடன் நாட்டில் உமியோ என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் செய்தது. சொந்தப் பல் உள்ளவர்களிடம் ஒரு கடலையைக் கொடுத்து, முன்பற்களால் பிடிக்கச் சொன்னார்கள். எவ்வளவு அழுத்துகிறார்கள் என்று கருவி வைத்து அளந்தார்கள். நூறு கிராம் எடைக் கல் அழுத்தும் அளவுகூட இல்லை. அவ்வளவு மெதுவாகப் பிடித்தார்கள். பிறகு ஊசி போட்டுப் பல் மரத்துப் போகச் செய்தார்கள். உடனே பிடி மாறி விட்டது. அழுத்தம் கூடியது. இந்த முடிவு 1996-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1998-இல், செட்டு வைத்தவர்களைப் பற்றிய முடிவும் வந்தது. அவர்கள் கூடுதலாக அழுத்தினார்கள். ஒரு தடவை அழுத்தியது போல் மறு தடவை அழுத்தவில்லை. கடலை அடிக்கடி நழுவியது.

சற்று முன் மடியில் கடலையைப் போட்ட ஐயாவுக்குச் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டாம். சுவீடன்காரர்களும் போட்டார்கள்.

இனி மூளைக்கு வருவோம்.

நம் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. கைக்கு ஓர் இடம். காலுக்கு ஓர் இடம். வாய்க்கு ஓர் இடம். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டு என்ற மருத்துவர் இருந்தார். அவர் தலையைத் திறந்து மூளையில் அறுவை செய்பவர். மூளையைத் தொட்டால் வலி தெரியாது. அதனால் தலையின் தோலுக்கு மட்டும் மரத்துப் போகும் ஊசி போடுவார். நோயாளி விழித்தே இருப்பார். டாக்டர் மூளையில் ஓர் இடத்தை மின்சாரத்தால் மெல்லத் தொடுவார். "உதடு துடிக்கிறது" என்பார் நோயாளி. இன்னோர் இடத்தைத் தொடுவார். "விரல் சுருக்கென்கிறது" என்பார். இப்படி இடம் இடமாகக் குறித்தார். 1937-இல் அதை வெளியிட்டார். முதுகு எவ்வளவு பெரியது! அதற்கு மூளையில் சின்ன இடம்தான். உதட்டுக்கும் நாக்குக்கும் தாடைக்கும் பெரிய இடம். நிலப்பட்டாவில் வாய் ஒரு மிராசுதார் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

சரி. கடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கடிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

மூளை வேலை செய்யும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அதைத் தலையின் தோல்மேலேயே அளக்கலாம். முதன்முதலில் அளந்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் பெர்கர். 1924-இல் அளந்தார். 1929-இல் வெளியிட்டார். தலையில் ஓட்டை போட வேண்டியதில்லை. வலி இல்லை. சிறு வில்லைகளைத் தலையில் ஒட்டுவார்கள். அவற்றிலிருந்து கம்பி போகும். கோடு கோடாக அலை வரும்.

அதே ஜெர்மனியில் ஃப்ரைபர்க் என்று ஓர் ஊர். 1964-இல் அங்கே கோர்ன்ஹூபர் என்ற மருத்துவரும் டீக்கே என்ற அவர் மாணவரும் ஒரு விஷயத்தைப் பேசிக் கொண்டார்கள். "எல்லோரும் ஒளியைக் காட்டி, ஒலியைக் கேட்க வைத்து, அதற்குப் பிறகு மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். மனிதன் தானாக ஒரு வேலையைச் செய்கிறானே, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது?" இதுதான் அவர்கள் கேள்வி.

கேள்வி சின்னது. ஆனால் அளப்பது கடினம். விளக்கைப் போட்டால், எப்போது போட்டோம் என்று நமக்குத் தெரியும். ஒருவர் தாமாக விரலை மடக்கப் போகிறார். எப்போது மடக்குவார் என்று யாருக்குத் தெரியும்? மடக்கிய பிறகுதான் தெரியும். அதற்குள் முன்னால் நடந்தது ஓடிப் போய் விடும்.

அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். அலைகளை டேப்பில் பதிவு செய்தார்கள். பாட்டுக் கேட்க நாம் வைத்திருந்தோமே, அந்த மாதிரி நாடா. பிறகு நாடாவைத் தலைகீழாக ஓட்டினார்கள். இப்போது விரல் மடங்கியது முதலில் வரும். அதற்கு முன்னால் நடந்தது பின்னால் வரும். விரல் மடங்கிய இடத்தில் தொடங்கி, பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த மின்சாரம் மிக மிகச் சிறியது. டார்ச் லைட்டில் போடும் ஒரு செல்லில் ஒன்றரை வோல்ட் இருக்கிறது. அதை ஒன்றரை லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு? ஏறத்தாழ அவ்வளவுதான். மூளையில் வேறு ஆயிரம் வேலைகளின் இரைச்சலும் இருக்கிறது. சந்தைக்கடையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போல. அதனால் ஒரே வேலையை நூற்றுக்கணக்கான தடவை செய்யச் சொன்னார்கள். எல்லாப் பதிவையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். இரைச்சல் ஒரு தடவை மேலே போகும், ஒரு தடவை கீழே போகும். கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு போய் விடும். முணுமுணுப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும். அது மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியது என்ன? விரல் மடங்குவதற்கு ஒரு விநாடிக்கும் மேல் முன்னதாகவே மூளையில் மின்சாரம் மெல்ல மெல்ல மாறத் தொடங்குகிறது. விரல் அசையவில்லை. தசை அசையவில்லை. மூளை மட்டும் தயாராகிறது. 1965-இல் இதை வெளியிட்டார்கள். நாம் இதை ஆயத்த அலை என்று சொல்லலாம். மாட்டு வண்டி கிளம்புவதற்கு முன் வண்டிக்காரர் உட்கார்ந்து, கயிற்றைச் சரி செய்து, மாட்டைத் தட்டுகிறார் இல்லையா? அது போல.

கடிப்பதற்கும் இதே ஆயத்தம் உண்டா? உண்டு. ஜப்பானில் கியோட்டோ நகர ஆராய்ச்சியாளர்கள் தாடை அசைவுக்கு முன் வரும் அலையை அளந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வாயைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் முன்னால் மூளை தயாராவது அதில் தெரிந்தது.

தாடையை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் விரல்களை நெற்றிப் பொட்டின்மேல் வையுங்கள். காதுக்கு முன்னால், கொஞ்சம் மேலே. இப்போது பல்லைக் கடியுங்கள். என்ன தெரிகிறது? ஏதோ புடைக்கிறது அல்லவா? அது கடிக்கும் தசை. தலைவரைக்கும் அது படர்ந்திருக்கிறது. அந்தத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தைவிட மிகப் பெரியது. கடிக்கத் தொடங்கியதும் அலைகளெல்லாம் குழம்பி விடும். ஆனால் கடிப்பதற்கு முன்னால் தசை சும்மா இருக்கிறது. அந்த ஒரு விநாடியில்தான் மூளையின் குரலைக் கேட்க முடியும். தசை விழிக்கும் நேரத்தைக் கன்னத்தில் ஒட்டிய வில்லை சொல்லும். அங்கிருந்து பின்னோக்கிப் பார்ப்பார்கள். கண் இமைத்தாலும் குழம்பும். அதனால் ஒரே இடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பொறுமையான வேலை.

செட்டு வைத்தவர்களிடம் இதை ஏன் அளக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள். மூளை எதை வைத்துத் தயாராகிறது? பழைய கணக்கை வைத்துத்தான். முறுக்கு என்றால் இவ்வளவு அழுத்த வேண்டும். வாழைப்பழம் என்றால் இவ்வளவு போதும். இந்தக் கணக்கைச் சின்ன வயதிலிருந்து எழுதிக் கொடுத்தவை பல்லின் வேர் நரம்புகள். இப்போது கணக்கு எழுதியவர் போய் விட்டார். புதிய செய்தி ஈறிலிருந்து வருகிறது. தாடை மூட்டிலிருந்து வருகிறது. தசையிலிருந்து வருகிறது. பழைய கணக்கு புதிய வாய்க்குப் பொருந்தாது. மூளை வேறு கணக்கு எழுத வேண்டும். புதுச் செட்டுக்குப் பழகும்போது ஆயத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், பழகுவது என்பது என்ன என்று புரியும்.

மெல்லுவது கொஞ்சம் வேறு. முதல் கடிக்கு மூளையின் மேல்பகுதி முயற்சி எடுக்கிறது. பிறகு தாடை ஏறி இறங்கும் தாளத்தை மூளையின் அடித்தண்டு பார்த்துக் கொள்கிறது. நடக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு அடிக்கும் யோசிக்கிறோமா என்ன? செட்டு வைத்தவருக்கு ஒவ்வொரு கவளத்திலும் யோசனை வருகிறது. அதனால்தான் சாப்பிட்டு முடிப்பதற்குள் களைப்பு.

இந்த மையத்தில் முதல் மாதம் நீங்கள் எழுதியது நினைவிருக்கிறதா? பென்சிலை அழுத்திப் பிடித்தோம். நோட்டு கிழிந்தது. மணிக்கட்டு வலித்தது. ஓர் எழுத்து எழுத மனம் முழுவதும் அங்கே நின்றது. இப்போது கையெழுத்துப் போடும்போது கை தானாகப் போகிறது. கை அதே கைதான். மூளையில் கணக்கு ஏறி விட்டது. எழுபது வயதிலும் ஏறும். கொஞ்சம் மெதுவாக ஏறும்.

கடைத்தெருவில் மகனைப் பார்த்த மறுநாளே பாட்டி வீட்டுக்குப் போனேன். "பாட்டி, தப்பு என்னுடையது" என்றேன். "நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர் தம்பி, என் வாய் அப்படி" என்றார். டப்பாவைத் திறக்கச் சொன்னேன். கீழ்ச் செட்டு ஓர் இடத்தில் ஈறை அறுத்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பொறுத்துக் கொள்வதுதான் முறை என்று நினைத்திருக்கிறார். மருத்துவமனைக்கு வரச் சொல்லி அந்த இடத்தை இழைத்துக் கொடுத்தேன். பிறகு பழகும் முறையைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முதல் சில நாட்கள் மெல்லவே வேண்டாம். செட்டை வைத்துக் கொண்டு பேசுங்கள். செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். உங்களுக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே. எச்சில் அதிகமாக ஊறும். வாய் அதை உணவு என்று நினைக்கிறது. சில நாளில் குறைந்து விடும்.

பிறகு மெத்தென்ற உணவு. இட்லி, குழைந்த சோறு, வெந்த பருப்பு. சின்னச் சின்னக் கவளம். முக்கியமான ஒன்று சொல்கிறேன். ஒரு பக்கம் மட்டும் மெல்லாதீர்கள். சொந்தப் பல்லில் அப்படி மென்றோம். செட்டில் அப்படிச் செய்தால் மறுபக்கம் தூக்கிக் கொள்ளும். கவளத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. மேல்செட்டின் பின்பக்கம் இறங்கி விடும். கொய்யாவை நறுக்கித்தான் தின்ன வேண்டும்.

மேல்செட்டு எச்சிலின் பிடிப்பில் நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்த வசதி குறைவு. நடுவில் நாக்கு இருக்கிறது. அதனால் நாக்கும் கன்னமும் அணைத்துப் பிடிக்கப் பழக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

புண் வந்தால் பொறுத்துக் கொள்ளாதீர்கள். நீங்களே அரம் வைத்துத் தேய்க்கவும் கூடாது. பல் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முந்தின நாள் செட்டைப் போட்டிருங்கள். அப்போதுதான் எந்த இடம் அறுக்கிறது என்று தெரியும்.

இரவில் கழற்றி விடுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். கழற்றியதைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காய விட்டால் வடிவம் மாறும். வெந்நீரில் போட்டாலும் கோணிக் கொள்ளும். இப்போது செட்டு செய்வது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில். சாம்பல், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கீறலில் அழுக்கு சேரும். சோப்பும் மென்மையான பிரஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். கை நழுவினாலும் உடையாது.

(கூட்டத்தில் ஒரு பெரியவர்: "பழகிய பிறகு சொந்தப் பல் மாதிரியே கடிக்கலாமா டாக்டர்?")

இல்லை ஐயா. பொய் சொல்ல மாட்டேன். நல்ல கடைவாய்ப் பல்லால் 50, 60 கிலோ அளவுக்கு அழுத்த முடியும். முழுச் செட்டில் அதில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் வரும். அதற்கு மேல் அழுத்தினால் ஈறு தாங்காது. போன நரம்பு திரும்பி வராது. இருக்கும் செய்தியை வைத்துக் கொண்டு மூளை சமாளிக்கப் பழகுகிறது. அதனால் இன்னும் பல் இருக்கிறவர்கள் ஒன்றிரண்டு பல்லையாவது காப்பாற்றப் பாருங்கள். ஆடாத வேர் இருந்தால் அதை விட்டு வைத்து அதன்மேலேயே செட்டு செய்யவும் வழி உண்டு. அந்த வேரில் மெத்தையும் நரம்பும் மிஞ்சும். பல்லைப் பிடுங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

(ஓர் அம்மா: "என் செட்டு முதலில் இறுக்கமா இருந்தது. இப்ப ஆடுது.")

செட்டு மாறவில்லை அம்மா. உங்கள் எலும்பு தேய்ந்திருக்கிறது. பல் இல்லாத எலும்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும். கீழ்த்தாடையில் அதிகம். உள்பக்கம் புதுப் பூச்சுப் பூசிச் சரி செய்யலாம். சில ஆண்டுக்கு ஒரு தடவை காட்டுங்கள். ஆடும் செட்டில் மூளையின் கணக்கும் தினம் தினம் தப்பும்.

பாட்டி என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்து வந்தார். முந்தானையில் கடலை முடிந்து கொண்டு வந்திருந்தார். அவித்த கடலை. என் எதிரில் உட்கார்ந்து நான்கைந்து தின்று காட்டினார். "வறுத்தது?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை தம்பி. வாய் வேண்டாம்னு சொல்லுது" என்றார். மீதியை எனக்குக் கொடுத்து விட்டுப் போனார்.